சம்பந்தி வீட்டுப் பெரியப்பா சொன்ன வார்த்தை

எனக்கு யாருடைய முகத்தையும் நேராகப் பார்த்துப் பேச வராது. ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் எழுந்து நிற்கச் சொன்னபோதும் வரவில்லை, ஐம்பது வயது தாண்டியும் வரவில்லை. அதனால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர்ப் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் இருபத்தெட்டு வருடமாகப் பந்தி பரிமாறுகிறேன். பந்தியில் நிற்பவன் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை. இலையைப் பார்த்தால் போதும், இலைக்கு மேல் வருகிற கையைப் பார்த்தால் போதும்.

கையை வைத்தே எனக்கு ஆளைத் தெரியும். சாம்பார் வருவதற்குள் வெறும் சோற்றைப் பிசையத் தொடங்குகிற கை, காலையில் டிபன் சாப்பிடாத கை. பாயசத்தை முதலில் தொட்டு நாக்கில் வைத்துவிட்டுப் பிறகு அந்தப் பக்கமே போகாத கை, சர்க்கரை வியாதிக்காரரின் கை. அவருடைய மனைவி எதிர் வரிசையில் உட்கார்ந்திருப்பார். ரசத்துக்குச் சோற்றில் குழி வெட்டுகிறவர்களுக்குக் கரண்டியைச் சாய்க்கும்போது அவசரப்படக் கூடாது. இவையெல்லாம் யாரும் சொல்லிக் கொடுத்து வந்தவை அல்ல. தலையைக் குனிந்துகொண்டே வேலை செய்கிறவனுக்குத் தானாக வந்து சேர்ந்தவை.

கூடவே இன்னொன்றும் வந்து சேர்ந்தது. எங்கள் ஆட்கள் அதற்கு நொரநாட்டியம் என்று பெயர் வைத்திருந்தார்கள். மேஜைமேல் விரிக்கிற காகிதம் ஓரம் சுருங்கியிருந்தால் என்னால் இலை போட முடியாது. இலையில் மயிரிழை கிழிசல் இருந்தாலும் மாற்றிவிடுவேன். நுனி, சாப்பிடுகிறவரின் இடது கைப்பக்கம். அகலம் வலது கைப்பக்கம், பிசைகிற கைக்கு இடம் வேண்டுமே. உப்பு இடது மூலையில், பாயசம் வலது கீழ் ஓரத்தில். அப்பளத்தைச் சோற்றின்மேல் போடக் கூடாது, ஆவியில் நமத்துவிடும். ஒரு பந்தி எழுந்ததும் மேஜை ஈரம் காயாமல் அடுத்த பந்தியை உட்காரவிட மாட்டேன். வாய் திறந்து தடுக்க வராது. ஆகவே துணியை எடுத்துக்கொண்டு துடைத்துக்கொண்டே இருப்பேன். நான் துடைக்கிற இடத்தில் யாரும் உட்கார முடியாது அல்லவா?

எங்கள் கேட்டரிங் முதலாளி என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். அவருடைய அப்பா காலத்திலிருந்து நான் இருப்பதால் என்னை அண்ணா என்பார். கோபம் வந்தால் யோவ் என்பார். போன ஆவணியில் சேலையூர் மண்டபத்தில் ஒரு கல்யாணம். இரண்டாம் பந்திக்கு ஜனம் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டது. நான் துடைத்துக்கொண்டிருந்தேன். நின்றவர்களில் ஒருவர், ஆபீஸ் பெர்மிஷனில் வந்திருப்பார் போல, சாப்பிடாமலே போய்விட்டார். பெண்ணின் அப்பா முதலாளியிடம் புகார் சொன்னார். மறுநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"இன்னாண்ணா, ஜனம் பசியோட நிக்கிது, நீ பாட்டுக்குத் துடைச்சுகினே கீறே. மேஜைக்கு இன்னா கல்யாணமா?"

"ஈரம் இருந்துது மொதலாளி."

"இருந்தா இருக்கட்டும்யா. வெயில்ல காயும், ஃபேன்ல காயும். உன் நொரநாட்டியத்தால எனக்குத்தான் பேஜாரு. கேட்டுக்க, பெருங்களத்தூர் ஆர்டர் ஒண்ணு வருது. அதுல ஒரே ஒரு பேச்சு வந்துச்சுன்னாலும் நீ முன்பக்கம் வராத. பின்னால உக்காந்து காய் நறுக்கு."

காய் நறுக்குவது கேவலம் இல்லை. கூலியும் ஏறக்குறைய அதேதான். ஆனால் பந்தி நடக்கிற கூடத்தைத் தவிர மனிதர்களோடு கூட இருப்பதற்கு எனக்கு வேறு இடம் கிடையாது. வீட்டுக்கு வந்த உறவினரிடம்கூட இரண்டு வார்த்தைக்குமேல் பேச வராதவன் நான். பந்தியில் மட்டும் ஒரு முகூர்த்தத்துக்கு நானூறு ஐந்நூறு பேரோடு இருந்துவிட்டு வருவேன். இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கரண்டி கேட்கும், போதும் என்று கை சொல்லும். காய் நறுக்கப் போனால் அந்தப் பேச்சு போய்விடும்.

பெருங்களத்தூர்க் கல்யாணத்தில் பெண் வீட்டார் மேற்குத் தாம்பரத்துக் காலனிக்காரர்கள். பெண்ணின் அப்பா கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெண்ணின் சித்தி பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். மாப்பிள்ளை வீடு நாவலூர். முதல் நாளே முதலாளி எங்களை எல்லாம் நிற்க வைத்துச் சொல்லிவிட்டார்.

"மாப்ளையோட பெரியப்பா ஒருத்தர் வராரு. ஃபாரின்ல இருந்தவரு. சாப்பாட்டு விஷயத்துல ரொம்ப பர்டிகுலர். மூணு கல்யாணத்துல பாதிப் பந்தியில எந்திரிச்சுப் போய்ட்டாராம். ஒண்ணுல உப்பு இல்லன்னாரு, ஒண்ணுல ரசம் ஆறிப்போச்சுன்னாரு. மூணாவதுல இன்னா சொன்னாருன்னே தெர்ல. அவரு எந்திரிச்சா சம்பந்தி வூடே எந்திரிக்கும். புரிஞ்சுதா?"

எங்கள் ஆள் ஒருவன் என் விலாவில் இடித்தான். "அண்ணா, உனுக்கு ஏத்த ஜோடி வராரு. நீ துடை, அவரு திட்டட்டும். நாங்க பாத்துகினு இருக்கோம்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ஒன்று மட்டும் உறைத்தது. அவர் செய்தால் பர்டிகுலர். நான் செய்தால் நொரநாட்டியம்.

மறுநாள் காலை டிபனுக்கு மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து சேரத் தாமதமாகிவிட்டது. முகூர்த்த நாளில் ஜி.எஸ்.டி. ரோடு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏழு மணிக்கு மேல் இறங்கினார்கள். பெரியப்பா யார் என்று கேட்காமலே தெரிந்தது. மற்றவர்கள் எல்லாம் அவருக்கு வழிவிட்டு நடந்தார்கள். வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, வலது கையை மூடினாற்போல மடித்துப் போட்ட அங்கவஸ்திரம். டிபன் பந்தியில் உட்காரவில்லை. "காபி போதும்" என்று நின்றுகொண்டே வாங்கினார்.

தட்டில் டம்ளரும் டவராவுமாக நீட்டியவன் நான். வந்தது இடது கை.

நம் ஊரில் அவர் வயதுக்காரர் ஒருவர், இன்னொருவர் கொடுப்பதை இடது கையால் வாங்க மாட்டார். அவசரத்தில் வாங்கிவிட்டாலும் நாக்கைக் கடித்துக்கொள்வார். இவர் கடித்துக்கொள்ளவில்லை. டவராவைத் தொடவில்லை, ஆற்றவில்லை. டம்ளரை மட்டும் எடுத்து, கொதிக்கக் கொதிக்க ஊதிக் குடித்தார். அங்கவஸ்திரம் ஒரு முறை சரிந்தது. உள்ளே வலது கையின் விரல்கள் எதையோ பிடித்திருப்பதுபோல மடங்கி இருந்தன. எதையும் பிடித்திருக்கவில்லை. இடது கை அவசரமாக வந்து துணியை இழுத்து மூடியது.

பக்கவாதம் வந்து தேறியவர்களின் கை அப்படி இருக்கும். எங்கள் தெருவில் பார்த்திருக்கிறேன்.

உப்பு இல்லை, ரசம் ஆறிப்போயிற்று, மூன்றாவது காரணம் யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. இந்த மனிதரால் பந்தியில் சாப்பிட முடியவில்லை. வலது கை வேலை செய்யாது. நாற்பது பேர் நடுவில் இடது கையால் சோற்றைப் பிசைய மனம் வராது. ஸ்பூன் கேட்டால் ஏன் என்று கேட்பார்கள். குறை சொல்லி எழுந்து போவது மானமாக இருக்கிறது. ஆகவே எழுந்து போகிறார்.

இதை யாரிடமும் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அவர் துணி போட்டு மூடியதை நான் எப்படித் திறப்பது?

முகூர்த்தம் முடிந்து சம்பந்தி பந்திக்கு இலை போட ஆரம்பித்தபோது, கீழ்த்தளச் சாப்பாட்டுக் கூடத்தில் வரிசையின் இடது கோடி நாற்காலியைச் சுவரோரமாக இழுத்துப் போட்டேன். அங்கே உட்காருகிறவருக்கு இடது பக்கம் வெறும் சுவர்தான். முழங்கை யார்மேலும் படாது, யாரும் எட்டியும் பார்க்க மாட்டார்கள். அந்த இடத்தில் போட ஒரு நல்ல இலையைத் தேடி எடுத்தேன். இரண்டு முறை துடைத்தேன். பிறகு, இருபத்தெட்டு வருடத்தில் ஒருமுறைகூடச் செய்யாததைச் செய்தேன். இலையைத் திருப்பிப் போட்டேன்.

நுனி வலது பக்கம். அகலம் இடது பக்கம்.

எல்லாவற்றையும் அதற்கேற்ப மாற்றினேன். உப்பு வலது மூலைக்குப் போனது, பாயசம் இடது ஓரத்துக்கு வந்தது. அந்த இலைக்கு நானே பரிமாறுகிறேன் என்று எங்கள் ஆட்களுக்குக் கையால் காட்டிவிட்டேன். அவர்கள் என் நொரநாட்டியங்களுக்குப் பழகியவர்கள். கேள்வி கேட்கவில்லை.

பெரியப்பா வந்ததும் கூடத்தின் நடுவில் உட்காரப் போனார். நான் கோடி நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து நின்றேன். அவர் நாற்காலியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், வந்து உட்கார்ந்தார். பிறகு இலையைப் பார்த்தார். அவர் முகம் எப்படி மாறியது என்று எனக்குத் தெரியாது. இடது கை மட்டும் மேஜை விளிம்பில் வந்து அப்படியே நின்றது.

அடுத்த நாற்காலியில் மாப்பிள்ளையின் அத்தை. பெரியப்பாவின் தங்கை. இலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே திரும்பினார்.

"என்ன இது! அண்ணாவுக்கு இலையைத் திருப்பிப் போட்டிருக்கு!"

அவ்வளவுதான். வரிசை முழுக்கக் கழுத்துகள் திரும்பின. "எங்க? எங்க?" என்று இரண்டு பேர் எழுந்தே விட்டார்கள். "ஓரத்துல வேற உக்கார வெச்சிருக்காங்க" என்றது ஒரு குரல். "பெரியவங்களுக்குப் பண்ற மரியாதையா இது?" என்றது இன்னொன்று. பெண்ணின் அப்பா மாடிப்படியில் பாதி வந்தவர், கைகூப்பிக்கொண்டே ஓடி வந்தார். அவருக்கு முன்னால் முதலாளி வந்துவிட்டார்.

"யோவ்! இன்னா பண்ணி வெச்சிகீறே? இலை போடத் தெரியாதா உனுக்கு? இருவத்தெட்டு வருசம் இன்னா கிழிச்சே?" பிறகு பெரியப்பாவைப் பார்த்து, "சார், மன்னிச்சுக்குங்க சார், ஆளு கொஞ்சம் ஒரு மாதிரி. இதோ, வேற இலை போடறேன் சார்."

அவர் கை இலையை எடுக்க நீண்டது. என் கை அதற்குமுன் போய் இலையின் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டது.

நான் யாரையும் தடுத்ததில்லை. முதலாளியை ஒருநாளும் தடுத்ததில்லை. ஏன் இப்படிப் போட்டேன் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும், தப்பித்துவிடலாம். ஆனால் அந்த வாக்கியத்தைக் கூடமே கேட்கும். அதற்குப் பிறகு அவர் அந்த நாற்காலியில் உட்கார முடியாது. சின்ன வயதிலிருந்து எத்தனையோ இடங்களில் வாய் மூடி நின்றிருக்கிறேன், எல்லாம் பயத்தால். அன்றைக்கு மட்டும் வேண்டுமென்றே மூடிக்கொண்டு நின்றேன். இலையை மட்டும் விடவில்லை.

"வுடுய்யா" என்றார் முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு.

"இருங்க."

சொன்னது பெரியப்பா. அதட்டுகிற குரல் இல்லை, ஆனால் எல்லோரும் நின்றுவிட்டார்கள்.

"இலை சரியாத்தான் இருக்கு. சாதம் போடச் சொல்லுங்க."

"அண்ணா, இது..." என்று ஆரம்பித்தார் அத்தை.

"எனக்கு இப்படித்தான் வேணும்மா. நீ சாப்பிடு."

இடது கை மெதுவாக எழுந்து, தண்ணீர் எடுத்து, இலையைச் சுற்றித் தெளித்தது. அத்தை அந்தக் கையைப் பார்த்தார். பிறகு அங்கவஸ்திரத்தைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு தன் இலையைப் பார்த்துக் குனிந்துவிட்டார். அவர் குனிந்ததும் ஒவ்வொருவராகத் தங்கள் இலையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அந்த வரிசையில் அதற்குமேல் யாரும் கேள்வி கேட்கவில்லை.

நான் சாதம் போட்டேன். இலையின் அகலமான பக்கத்தில், இடது கைக்கு நேராக. பருப்பு, நெய். அவர் பிசைந்தார். முதல் வாய் எடுக்க நேரமாயிற்று. அதற்குப் பிறகு நிற்கவில்லை. சாம்பாருக்குச் சாதம் கேட்டார், ரசத்துக்குக் கேட்டார். ரசம் ஆறவில்லை, சமையல் மாஸ்டரிடம் சொல்லி அந்த இலைக்கென்று தனியாகச் சூடாக வாங்கி வைத்திருந்தேன். பாயசம் இரண்டாம் முறை கேட்டார். மோர் சாதம் வரைக்கும் வந்தார். நான் மோர் ஊற்றிக்கொண்டிருந்தபோது தலையைத் தூக்கி என்னைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார். இங்கிலீஷ் வார்த்தை. சிரிக்காமல், வெடுக்கென்று.

"பெர்ஸ்னிக்கிட்டி."

சொல்லிவிட்டு இலையை இடது கையால் தன் பக்கமாக மடித்துவிட்டு எழுந்து போனார். நாற்காலி இழுக்கிற சத்தத்தில் வரிசையே எழுந்தது.

முதலாளி மூன்றடி தூரத்தில் நின்றிருந்தார். வார்த்தை அவர் காதிலும் விழுந்திருந்தது.

"இங்கிலீஷ்ல திட்டிட்டுப் போறாரு. பெரிய மனுசன், எல்லார் எதிர்லயும் வேணாம்னு இங்கிலீஷ்ல திட்டறாரு. நல்லாச் சாப்ட்டாரே, அதுவரைக்கும் நான் பொழச்சேன். நீ பின்னால போண்ணா. சாயங்கால ரிசப்ஷனுக்கு பீன்ஸ் கீது."

அண்ணா என்றுதான் சொன்னார். அதுதான் வலித்தது. கோபத்தில் அனுப்பவில்லை, முடிவு செய்து அனுப்புகிறார்.

பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியோரம் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கினேன். எல்லாத் துண்டுகளும் ஒரே அளவாக வந்தன. மாஸ்டர் பார்த்துவிட்டு, "இது பீன்ஸா, தீக்குச்சியா? இப்படி நறுக்கினா அடுத்த முகூர்த்தத்துக்குத்தான் ஆகும்" என்றார். நான் அந்த வார்த்தையை மனதுக்குள் உருட்டிக்கொண்டே இருந்தேன். பெர்ஸ்னிக்கிட்டி. மறந்துவிட்டால் என்ன திட்டு வாங்கினேன் என்றே தெரியாமல் போய்விடும். நல்ல திட்டாகத்தான் இருக்க வேண்டும், வாயில் போட்டால் முறுக்குப்போல நொறுங்குகிறது.

மூன்று மணிவாக்கில் பெண்ணின் சித்தி, அந்த டீச்சர், வெந்நீர் கேட்டு ஒரு பிளாஸ்க்கோடு பின்பக்கம் வந்தார். வெந்நீர் பிடித்துக் கொடுக்கும்போது கேட்டுவிட்டேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டதால் கேட்க முடிந்தது.

"டீச்சரம்மா, ஒரு வார்த்தைக்கு அர்த்தம் சொல்லணும்."

"சொல்லுங்கண்ணா."

சொன்னேன். அவர் புருவத்தைச் சுருக்கினார். "இன்னொரு தடவை சொல்லுங்க?" சொன்னேன். சிரித்துவிட்டார்.

"ஓ! யார் சொன்னாங்க உங்களை? நம்ம ஊர்ல யாரும் சொல்ற வார்த்தை இல்லையே அது. சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் அலட்டிக்கிறவங்களைச் சொல்றது. ஒரு நூல் பிசகினாக்கூட ஒத்துக்க மாட்டாங்களே, அந்த மாதிரி."

"நொரநாட்டியம்."

"அதேதான்! கரெக்டாச் சொல்லிட்டீங்க."

என் தலை இன்னும் குனிந்தது. ஆகத் திட்டுத்தான். ஆனால் டீச்சருக்கு விட மனம் வரவில்லை. போனை எடுத்துத் தேடத் தொடங்கினார், பிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு.

"இருங்க, இது எங்கிருந்து வந்துதுன்னு பாப்போம்... அமெரிக்காவுல புழங்கற வார்த்தையாம். ஸ்காட்லாந்துல நடுவுல அந்த எஸ் இல்லாம, பெர்னிக்கிட்டின்னு சொல்லிட்டிருந்தாங்களாம், ஒரு இருநூறு வருஷமா. கடல் தாண்டிப் போன எடத்துல எஸ் ஒட்டிக்கிச்சு. அதுக்கு முன்னாடி எப்படி வந்துதுன்னு யாருக்கும் சரியாத் தெரியலையாம். பர்டிகுலர்ங்கற வார்த்தையிலேர்ந்து எப்படியோ முளைச்சிருக்கலாம்னு ஒரு சந்தேகம் இருக்குன்னு போட்டிருக்கு. அதுவும் நிச்சயம் இல்ல."

"எதிலேர்ந்து?"

"பர்டிகுலர். நாமளே சொல்றோமே, அவர் ரொம்ப பர்டிகுலர்னு."

கத்தியைக் கீழே வைத்தேன். அவருக்கு வெந்நீர் நினைவு வந்து, பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். படித்தவர்கள் இத்தனை பேர் உட்கார்ந்து தேடியும் ஊர் பேர் தெரியாத வார்த்தை. நொரநாட்டியம் மட்டும் எங்கிருந்து வந்ததாம்? நாட்டியம் எனக்குத் தெரியும். அந்த நொர எங்கிருந்து வந்தது என்று யார் கண்டது? சந்தேகம் உண்மையாக இருந்தால் இரண்டும் ஒரே கிளையில் காய்த்த காய்கள். யாரைச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து ஒன்று மரியாதை, ஒன்று கேலி. அப்படியானால் அவர் எதை எடுத்து எனக்குப் போட்டார்?

டீச்சரால் அதைச் சொல்ல முடியாது. போனாலும் முடியாது. சொன்னவரைத்தான் கேட்க வேண்டும்.

கையைக் கழுவினேன். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டேன். பின்பக்கத்திலிருந்து மணமகன் அறைவரை முப்பது அடி இருக்கும். நடுவில் இரண்டு முறை திரும்பிவிடப் பார்த்தேன். பெரியப்பா அந்த அறைக்கு வெளியே ஃபேனுக்கு அடியில் தனியாக உட்கார்ந்திருந்தார். அங்கவஸ்திரத்தைக் காணவில்லை. வலது கை துணி மூடாமல் மடியில் கிடந்தது.

"சார்."

திரும்பினார். நான் முகத்தைப் பார்த்தேன். நரைத்த புருவம், தடித்த கண்ணாடி. கண்கள் களைத்திருந்தன.

"நீங்க சொன்ன வார்த்தைக்கு அர்த்தம் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன் சார். அது திட்டா, பாராட்டா? அது மட்டும் தெரியல. எனக்குத் தெரிஞ்சாகணும்."

அவ்வளவு நீளமாக நான் ஒரு அன்னியரிடம் பேசியதே இல்லை.

அவர் பக்கத்து நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை.

"அமெரிக்காவுல பதினோரு வருஷம் டிராயிங் ஆபீஸ்ல இருந்தேன். கோடு ஒண்ணு தள்ளியிருந்தா திருப்பி அனுப்புவேன். என் மேனேஜர் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. இந்த வார்த்தையைத்தான் சொல்லுவான். திட்டாத்தான் ஆரம்பிச்சான். நான் கிளம்பற அன்னிக்கு கேக் வாங்கிட்டு வந்தான். அதுமேல என் பேர் இல்ல, இதுதான் எழுதியிருந்துது. எழுத்துப் பிழை இருக்கான்னு முதல்ல பாத்தேன். எல்லாரும் சிரிச்சாங்க."

அவரும் சிரித்தார். பிறகு மடியில் இருந்த கையைப் பார்த்தார்.

"இது இப்படி ஆனதை யார்கிட்டயும் சொல்லலை. அதுலேர்ந்து ஒரு கல்யாணத்துலயும் நான் முழுசாச் சாப்பிடலை. ஏதாவது குறை சொல்லிட்டு எழுந்துடுவேன். பெரிய நொரநாட்டியம் பிடிச்ச மனுஷன்னு ஜனங்க நெனச்சாங்க, அது எனக்கு வசதியா இருந்துது. நெஜமா உப்பு சரியாத்தான் இருந்திருக்கும், பாவம். யாரும் கையைப் பாக்கலை. என் தங்கச்சியே பாக்கலை. நீங்க இலையைத் திருப்பிப் போட்டீங்க. உப்பைக்கூட மாத்தி வெச்சிருந்தீங்க, பாத்தேன்."

இடது கையால் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"அந்தப் பேர் எங்கிட்டயே இருந்துது. யாருக்கும் குடுக்கற மாதிரி ஆள் கிடைக்கலை. இன்னிக்கு உங்களுக்குக் குடுத்தேன். வேணாம்னா திருப்பிக் குடுத்துடுங்க."

"வெச்சுக்கிறேன் சார்" என்றேன்.

குரல் எனக்கே புதிதாக இருந்தது. நெஞ்சுக்குள் நாயனமும் தவிலும் ஒன்றாக எழுந்தன. கூடத்தில் அப்போது யாரும் வாசிக்கவில்லை.

திரும்பி நடக்கப் போனேன். "ஒரு நிமிஷம்" என்று கூப்பிட்டார். "அவரைக்காய்ப் பொரியல்ல தேங்காய் கொஞ்சம் கம்மி."

"காலையிலயே மாஸ்டர்கிட்ட சொன்னேன் சார். கேக்கலை."

"அதானே பாத்தேன்!" என்று அவர் தொடையில் தட்டினார், இடது கையால்.

அந்தச் சத்தம் கேட்டு முதலாளி வந்தார். என்னை அங்கே பார்த்ததும் அவர் முகம் வெளிறியது. "சார், இவரு எதுனா தொந்தரவு..."

"சாயங்காலமும் இலைதானே?" என்றார் பெரியப்பா.

"ஆமா சார், இலைதான்."

"எனக்கு இவர்தான் போடணும். எங்க வீட்டு வரிசை முழுக்க இவர் பாத்துக்கட்டும். அவர் சொல்ற வரைக்கும் யாரும் உக்கார மாட்டோம்."

முதலாளி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். வியாபாரத்தில் வளர்ந்தவர், விஷயம் உடனே புரிந்துவிட்டது. என் தோளில் கை போட்டார்.

"அவரு அப்படித்தான் சார். எங்க அப்பா காலத்துலேர்ந்து கீறாரு. எங்க அண்ணன் ரொம்ப பர்டிகுலர்."

அந்த வார்த்தையை அவர் என்மேல் போட்ட முதல் தடவை அது. நான் பெரியப்பாவைப் பார்த்தேன். அவர் ஒரு புருவத்தை மட்டும் தூக்கினார்.

அன்று சாயங்காலம் ஆறரை மணிக்குக் கூடத்தில் நின்றேன். காகிதம் விரித்தாகிவிட்டது. நாவலூர்க்காரர்கள் நாற்பது பேர் நாற்காலிகளுக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள், ஒருவரும் உட்காரவில்லை. கோடியில், சுவரோரத்தில், பெரியப்பா. அங்கவஸ்திரத்தை மடித்துத் தோளில் போட்டிருந்தார். இரண்டு கைகளும் வெளியே தெரிந்தன. அத்தை அவருக்குப் பக்கத்தில் நின்றார். முதலாளி இலைக்கட்டை அணைத்துக்கொண்டு என்னிடம் வந்து நின்றார்.

"அண்ணா, இலை போடலாமா?"

இருபத்தெட்டு வருடத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. மேஜையை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்தேன். நடுவில் ஒரு இடத்தில், உள்ளங்கை அகலம்தான் இருக்கும், தண்ணீர் சொட்டியிருந்தது.

"இருங்க" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. துணியை எடுத்துக்கொண்டு போனேன். நாற்பது பேரும் காத்திருந்தார்கள். நான் அவசரப்படாமல் துடைத்தேன்.